ஒரே மெர்க்லின் பொம்மை ரயில் என்ஜினுக்கு ஜெர்மன் கேட்லாக்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அமெரிக்க கேட்லாக்ல வேற ஒண்ணு போட்டிருக்கே, எது சரி? என்கிட்ட இருக்குற பழைய ஜெர்மன் டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே பிளக்ல சொருகலாமா?

ரெண்டு கேட்லாக்கும் சரிதாங்க. பாக்காம சொருகுறதுதான் தப்பாப் போயிடும். நான் சொருகி ஒண்ணை எரிச்சவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

என்கிட்ட வந்தது ஒரு பழைய அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர், நல்ல கனம், கைப்பிடி எல்லாம் சூப்பரா நகருது. கூடவே வந்த கேட்லாக்ல 15 வோல்ட்னு போட்டிருந்துச்சு, நான் அதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு, பின்னு தட்டையா இருக்கேன்னு ஒரு அடாப்டர் மாட்டி 230 வோல்ட்ல சொருகிட்டேன். 15 வோல்ட்ங்கிறது வெளிய வர்றது, உள்ள போறது எவ்வளவுன்னு அடியில தகட்டுல இருந்துச்சு, 115 வோல்ட் 60 சைக்கிள்னு (சைக்கிள்னா இப்ப சொல்ற ஹெர்ட்ஸ்), அதை நான் புரட்டிக்கூடப் பாக்கல. அடாப்டர் பின்னோட உருவத்தை மாத்துமே தவிர வோல்டேஜை மாத்தாதுன்னு தெரியாத ஆளா நான், தெரியும், ஆனா ஆசை கண்ணை மறைச்சிருச்சு. முதல்ல ஒரு கனமான உறுமல், அப்புறம் தார் உருகுற வாசம், அரை நிமிஷத்துக்குள்ள அடியில இருந்து கருப்பா ஏதோ ஒழுகி மேஜையில ஒட்டிக்கிச்சு. என்ஜினை இன்னும் தண்டவாளத்துல வெக்கவே இல்ல, அது ஒண்ணுதான் ஆறுதல்.

இப்ப உங்க கேள்வி. மெர்க்லின் கம்பெனி ஜெர்மனியில கோப்பிங்கென்ல செஞ்ச என்ஜின் எந்த நாட்டுக்குப் போனாலும் அதே 16 வோல்ட் ஏசி கரண்டுதான் (திசை மாறி மாறி ஓடுறது), என்ஜின் போற திசையை மாத்த மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட் சொச்சம் ஒரு தட்டு தட்டும். மாறுறது சுவத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்குற டப்பா மட்டும்தான். ஜெர்மனிக்கு 220, அமெரிக்காவுக்கு 110, 120. அதான் என்ஜின் நம்பர் ரெண்டு கேட்லாக்லயும் ஒண்ணா இருந்தும் டிரான்ஸ்ஃபார்மர் வேறயா இருக்கு. கேட்லாக்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பக்கம் மட்டும் என்ஜினுக்காக எழுதினது இல்ல, வாங்குறவன் வீட்டு சுவத்துக்காக எழுதினது.

இதுல நிறைய பேர் ஏமாறுற இடம் மொழி. இங்கிலீஷ் கேட்லாக்னா இங்கிலாந்துன்னு நெனச்சுக்குவோம், அது அமெரிக்காவுக்கு அடிச்சதா இருக்கலாம், ஆஸ்திரேலியாவுக்கா இருக்கலாம், ஒரு இடத்துல 120 ஒரு இடத்துல 240. நான் மொழியை விட்டுட்டு காசைத்தான் பாப்பேன். டாலரா, ஜெர்மன் மார்க்கா, பவுண்டு ஷில்லிங் பென்ஸா. பிரிட்டன்ல ஷில்லிங் கணக்கு 1971 பிப்ரவரி 15-ஓட முடிஞ்சுது, ஆஸ்திரேலியாவுல 1966 பிப்ரவரி 14-லயே டாலர் வந்துருச்சு, அதனால ஆஸ்திரேலிய கேட்லாக்ல ஷில்லிங் விலை இருந்தா அது 66-க்கு முந்தினதுன்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். விலையே இல்லாத கேட்லாக்கும் வரும், அதுக்கெல்லாம் விலைப்பட்டியல் தனித்தாளா உள்ள செருகியிருப்பாங்க, அந்தத் தாள்தான் முதல்ல தொலையும். அப்புறம் படத்தையும் பாருங்க. ட்ரை-ஆங் பிரிட்டிஷ் கம்பெனிதான், ஆனா கனடா, ஆஸ்திரேலியா பக்கம் விக்கிறதுக்குன்னே டிரான்ஸ்கான்டினென்டல்னு தனி வரிசை விட்டாங்க, சிட்னி புறநகர் ரயில் மாதிரி கூட செஞ்சாங்க, எந்த ரயிலைப் பெருசாப் போட்டிருக்காங்கங்கிறதே யாருக்கு அடிச்ச கேட்லாக்னு காட்டிக் குடுத்துரும்.

இன்னும் பழசுன்னா நாட்டை மட்டும் வெச்சு முடிவு பண்ணவே முடியாது. 1920-கள்ல பிரிட்டன்ல ஊருக்கு ஊர் வோல்டேஜ் வேற, சில ஊர்ல ஏசி, சில ஊர்ல டிசி (ஒரே திசையில ஓடுற கரண்டு), நியூகாசில் பக்கம் 40 சைக்கிள். பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனி ஹார்ன்பி 1925-ல விட்ட முதல் கரண்டு ரயில், அந்த மெட்ரோபாலிட்டன், வீட்டு மெயின்ஸ்லயே ஓடுச்சு, நடுவுல டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, பல்பும் ஒரு ரெசிஸ்டன்ஸும்தான் வோல்டேஜைத் தின்னுக்கும். என்ஜின் ஓடுற வரைக்கும் சரி, என்ஜினைத் தூக்கிட்டா கரண்டு ஓட்டம் நின்னுரும், ரெசிஸ்டன்ஸ் எதையும் தின்னாது, தண்டவாளத்துல முழு மெயின்ஸ் நிக்கும். தரையில உக்காந்து பிள்ளைங்க விளையாடுற தண்டவாளம்! சீக்கிரமே 4 வோல்ட் பேட்டரி ரயில் வந்துச்சு, 30-கள்ல 20 வோல்ட் ஏசி வந்துச்சு. 1938-ல ஹார்ன்பியோட டப்லோ வரிசை 12 வோல்ட் டிசின்னு வந்தப்பவும், வீட்டுல ஏசி இல்லாதவங்களுக்கு பேட்டரியில ஓட்டுற கன்ட்ரோலர் தனியா வித்தாங்க.

அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். அங்கயும் டிசி கரண்டு வர்ற வீடுங்க இருந்துச்சு, அதுல டிரான்ஸ்ஃபார்மரை சொருகினா புகைதான் வரும், அதனால லயனல்ங்கிற அமெரிக்க பொம்மை ரயில் கம்பெனி அந்த வீடுகளுக்கு வோல்டேஜைக் குறைக்க டிசி ரெட்யூசர்னு ஒண்ணை வித்தாங்க. 25 சைக்கிள் டிரான்ஸ்ஃபார்மரும் தனியா வரும். கனடாவுல தெற்கு ஒன்டாரியோவுல நயாகரா கரண்டு 25 சைக்கிள், அதை 60-க்கு மாத்துற வேலை 1949-ல ஆரம்பிச்சு 1959-லதான் முடிஞ்சுது. 25-க்குன்னு செஞ்சதை 60-ல போடலாம், இரும்பு தாராளமா இருக்கும். 60-க்குன்னு செஞ்சதை 25-ல போட்டா உள்ள இருக்குற இரும்புல காந்தம் நிரம்பி கொதிச்சுரும்.

இது பழைய கதை இல்ல, உங்களுக்கும் இடிக்கும். அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மரை 230-ல இருந்து 110-க்கு இறக்கி ஓட்டுறாங்களே, வோல்ட் சரியாயிருச்சு, சைக்கிள் இன்னும் 50தான். 60-க்கு பதிலா 50 குடுத்தா அதே வோல்ட்டுக்கு காந்தம் 20 சதவீதம் ஜாஸ்தி ஏறும். சரியான கணக்கு என்னன்னா 120 வோல்ட் 60 சைக்கிள் டிரான்ஸ்ஃபார்மருக்கு 50 சைக்கிள்ல 100 வோல்ட் குடுக்கணும், வெளிய வர்ற 18 வோல்ட் 15 ஆயிரும், ரயிலுக்கு அது போதும். ஜப்பான்ல 100 வோல்ட், கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60, ஒரே நாட்டுக்குள்ளயே ரெண்டு! தோக்கியோக்காரங்க ஜெர்மன்ல இருந்தும் ஒசாகாக்காரங்க அமெரிக்காவுல இருந்தும் ஜெனரேட்டர் வாங்கினதோட வினை.

மெர்க்லினோட பழைய ஜெர்மன் நீல டிரான்ஸ்ஃபார்மர் இருந்தா அது வேற மாதிரி ஆபத்து. அது 220-க்குன்னு சுத்தினது. 240 வர்ற வீட்டுல போட்டா எல்லாமே 9 சதவீதம் ஏறும், 16 பதினேழரை ஆகும், அந்த 24 வோல்ட் தட்டு 26-ஐத் தாண்டும். ரிலே (காந்தத்துல நகருற சுவிட்ச்) வெச்ச பழைய என்ஜின் அதைத் தாங்கிக்கும். உள்ள எலக்ட்ரானிக்ஸ் போட்ட புது என்ஜின் ஒரே தட்டுல போயிடும், அதான் புது என்ஜினுக்கு நீலத்தைப் போடாதீங்கன்னு மெர்க்லினே சொல்றாங்க.

இன்னொண்ணு, மூணு தண்டவாளம் இருந்தா ஏசின்னு நம்பிடாதீங்க. மெர்க்லின், லயனல் ரெண்டும் மூணு தண்டவாளம் ஏசி, டப்லோ மூணு தண்டவாளம் டிசி, அமெரிக்கன் ஃப்ளையர் கம்பெனியோட எஸ் கேஜ் (ஒரு தண்டவாள அளவு) ரெண்டே தண்டவாளம் ஆனா ஏசி. டப்லோவுக்கு ஏசி குடுத்தா நகராது, நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டு மோட்டார் சூடாகும், உள்ள இருக்குற காந்தமும் வலுவிழக்கும்.

ஒயர் மாத்தப் போறீங்கன்னா ரொம்ப ஜாக்கிரதை. பிரிட்டிஷ் பழைய கேபிள்ல சிவப்பு ஒயர்தான் லைன். ஜெர்மனியில 60-கள் நடு வரைக்கும் சிவப்புதான் எர்த்! அமெரிக்காவுல கருப்பு லைன், பிரிட்டன்ல அதே கருப்பு நியூட்ரல். கலரை நம்பி பிளக் மாட்டினா தகரப் பெட்டியே கரண்டடிக்கும். மூணு கோர் கேபிள்னா மல்டிமீட்டரோட ஒரு முனையைப் பெட்டியோட இரும்புல வெச்சு, இன்னொரு முனையை எந்த ஒயர்ல வெச்சா மீட்டர் சத்தம் போடுதுன்னு பாருங்க, அதுதான் எர்த். ரப்பர் ஒயரா இருந்தா லேசா வளைச்சுப் பாருங்க, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தா முழுசா மாத்திருங்க.

நீங்க ஜெர்மன் டிரான்ஸ்ஃபார்மர்னு மட்டும் சொல்லியிருக்கீங்க, தகட்டுல என்ன இருக்குன்னு சொல்லல. புரட்டிப் பாருங்க, பிரைமரின்னு இருக்குற வரியில 220-ஆ 110-ஆன்னு இருக்கும், ஏன்னா ஜெர்மன்ல செஞ்சதே அமெரிக்காவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கலாம், உங்க ரெண்டாவது கேட்லாக் அமெரிக்காவோடதுங்கிறதாலதான் எனக்கு அந்தச் சந்தேகமே. 110-னு இருந்தா சுவத்துப் பக்கமே கொண்டு போகாதீங்க. 220-னு இருந்து ஒயரும் நல்லா இருந்தா பழைய என்ஜினோட ஓட்டலாம், முதல் தடவை பத்து நிமிஷம் சும்மா விட்டுட்டு மேல கை வெச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா ஓகே, கை வெக்க முடியலன்னா பிடுங்கிருங்க.