பழைய ஓகாப்பி கத்தியா, புதுசா?

அலகில் ஜெர்மனி என்ற பொறிப்பு இல்லாவிட்டால் பழைய ஜெர்மன் கத்தியின் விலைக்கு வாங்காதீர்கள். தாத்தாவின் ஓகாப்பி மடக்குக்கத்தியை அவசரத்துக்கு விற்றுவிட்டு, இப்போது டர்பனில் ஒருவர் ‘பழைய ஜெர்மன்’ என்று காட்டுவதை வாங்கலாமா என்பதுதானே உங்கள் கேள்வி?

விற்பவர் பொய் சொல்கிறார் என்றில்லை. 1902-இல் ஜெர்மனியில் தொடங்கிய கத்தியை 1988 முதல் நம் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்திலேயே செய்கிறார்கள். கார்பன் எஃகு, நாலு மழை பட்டாலே கறுத்து நூறு வயது போலத் தெரியும்.

அலகின் அடியை எண்ணெய்த் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், எழுத்து போய்விடும். சாணை பிடித்தே தேய்ந்திருந்தால் இதுவும் கைகொடுக்காது.

நானே சாட்ஸ்வொர்த்தில் ஐம்பது ராண்டுக்காகப் பேரம் பேசிப் பேசி ஒன்றைக் கோட்டைவிட்டவன், இன்னும் வயிறெரிகிறது.