விற்ற பெட்டி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வீட்டில் சோனியின் பழைய வீடியோ கேம் பெட்டி, பிளேஸ்டேஷன் 3 ஒன்று கிடக்கிறது. அதை 'ஜெயில்பிரேக்' செய்யவேண்டும், அதாவது கம்பெனி போட்ட மென்பொருள் பூட்டை உடைக்கவேண்டும் என்று கல்லூரியில் படிக்கும் மகன் நச்சரிக்கிறான். "காசு கொடுத்து வாங்கியதுதானே, நம் இஷ்டம்" என்கிறான். கடையில் விசாரித்தால், "ஹார்டு டிஸ்க்கில் ஐம்பது கேம் சேர்த்துப் போட்டுத் தருகிறோம் சார்" என்கிறார்கள். எனக்கு இது திருட்டாகப் படுகிறது. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பாதி தூரம் வரை நான் உங்கள் மகன் கட்சி.

அந்தப் பெட்டியில் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டுக்கொள்ள சோனியே வழி வைத்துத்தான் விற்றது. 'அதர் ஓஎஸ்' என்று பெயர். அமெரிக்க விமானப்படை 1,760 பெட்டிகளைக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டிவிட்டது! 2010 தொடக்கத்தில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் அந்த லினக்ஸ் வழியாகவே உள்பூட்டை நெருங்கினார். ஏப்ரல் 1 அன்று சோனி 3.21 அப்டேட்டை விட்டது. பாதுகாப்புக்காக என்று சொல்லி அந்த வசதியையே பிடுங்கிவிட்டார்கள். அப்டேட் போட்டால் லினக்ஸ் கிடையாது; போடாவிட்டால் ஆன்லைன் கிடையாது. வீட்டை விற்றவரே திரும்ப வந்து ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா?

சும்மா இருக்கவில்லை. அந்த டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் 'ஃபெயில் ஓவர்ஃப்ளோ' குழு மேடையேறியது. சோனி ஒவ்வொரு மென்பொருளுக்கும் போடும் டிஜிட்டல் கையெழுத்தில், ஒவ்வொரு முறையும் புதிய ரேண்டம் எண் சேர வேண்டும். சோனி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தது. அப்படிப்பட்ட இரண்டு கையெழுத்துகள் கையில் இருந்தால் போதும், ரகசியச் சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம்; சாவி கிடைத்தால் சோனியின் கையெழுத்தை யாரும் போடலாம். கிட்டத்தட்ட பள்ளிக்கூட அல்ஜீப்ராதான். இவ்வளவு பெரிய கம்பெனி இதில் கோட்டை விட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

2011 ஜனவரியில் ஹாட்ஸ் மூலச்சாவியை வெளியிட்டார். சோனி வழக்குப் போட்டது. இனி சோனி பொருள்களில் கைவைப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள, ஏப்ரலில் சமரசம் அறிவிக்கப்பட்டது. லினக்ஸை இழந்தவர்கள் சோனி மேல் போட்ட கூட்டு வழக்கோ 2018 வரை இழுத்து, ஆளுக்கு 65 டாலர் வரை என்று முடிந்தது.

சரி, மீதிப் பாதி. பூட்டு உடைந்ததும் லினக்ஸ் போட்டவர்களைவிட ஓசி கேம் போட்டவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. கடைக்காரர் சொல்லும் அந்த ஐம்பது கேம் திருட்டேதான். அதில் உங்கள் கட்சி. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவும் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே, திறந்து என்ன செய்யப்போகிறான் என்று மகனிடம் கேளுங்கள். ஃபேன் வேகத்தைக் கூட்டிச் சூட்டைக் குறைக்க, தானே எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்க்க என்றால் தாராளமாக விடுங்கள். ஆனால் அதோடு ஆன்லைன் போனால் சோனி தடை போடக்கூடும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று, மாடலைப் பாருங்கள். கடைசியாக வந்த சூப்பர் ஸ்லிம் என்றால் முழு கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியின் அடிப்படை மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் மாற்று மென்பொருள்) அதில் சுலபமாக ஏறாது. ஏற்றித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.