எந்த வேலையானாலும் பரவாயில்லையா?

கேள்வி: என் கணவர் 16 வருடம் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தார். மில்லை மூடி எட்டு மாதம் ஆகிறது. தெருவில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று விடியும் முன்பே போய் பால் வாங்கி வந்துவிடுகிறார். ராத்திரி தூக்கமில்லை, பிரஷர் 150/100. என் தையல் மெஷின் நூல் அறுக்கிறது, பாருங்கள் என்றால் "பார்க்கலாம்" என்கிறார். நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு செக்யூரிட்டி வேலை சொல்லியிருக்கிறார். 12 மணி நேர நைட் ஷிஃப்ட், வார லீவு கிடையாது. "சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல்" என்கிறார் மாமியார். அனுப்பலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: சகோதரி, உங்கள் கணவருக்கு வந்திருப்பது சோம்பல் என்று வீட்டில் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1930 வாக்கில் ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஊரில் எல்லோருக்கும் சோறு போட்ட மில் மூடப்பட்டது. மரி யஹோதா என்ற சமூக உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அங்கே போய் மக்களைக் கவனித்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆண்களின் நடையே தளர்ந்துபோயிருந்தது. உங்கள் வீட்டு "பார்க்கலாம்" அதே தளர்ச்சிதான். என் அப்பாவிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய மில் மூடிய பிறகும், பக்கத்து மில் சங்கு ஊதினால் எழுந்துவிடுவார். போக இடமில்லாமல் பாயிலேயே உட்கார்ந்திருப்பார்.

சரி, அந்த செக்யூரிட்டி வேலை? வேண்டாம் என்றுதான் சொல்வேன். கணக்குப் போட்டால் வாரத்துக்கு 84 மணி நேரம் வருகிறது. 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லின. இவருக்கோ ஏற்கெனவே 150/100.

மனசுக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 7,000-க்கும் அதிகமானவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. வேலையில்லாமல் இருந்து மோசமான வேலையில் போய்ச் சேர்ந்தவர்களின் மனநிலை, வேலை கிடைக்காமலே இருந்தவர்களைவிடக் கெட்டிருந்தது. மீறிய சுமை, எப்போது நிறுத்துவார்களோ என்ற பயம், உழைப்புக்கேற்ற கூலி இல்லாதது, எதிலும் தன் பேச்சு எடுபடாதது, இவைதான் மோசமான வேலை.

எட்டு மணி நேர ஷிஃப்ட், வார லீவு, இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உண்டென்றால், பகல் ஷிஃப்டாகப் பார்த்துப் போகட்டும். இல்லையென்றால், உங்கள் தையல் வருமானத்தில் இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கப் பாருங்கள். கஷ்டம்தான், தெரியும்.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பிரஷர் மாத்திரை அங்கே இலவசம். தூக்கமில்லாததையும் டாக்டரிடம் சொல்லட்டும். டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவித் தொலைபேசி ஒன்று இருக்கிறது, எண் 14416, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். "இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தால், தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் அந்த மெஷின். 16 வருடம் மில் மெஷின்களைக் கழற்றி மாட்டிய கை அது. நாளைக் காலை பத்து மணி என்று நேரம் சொல்லி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கையில் கொடுங்கள். சரியானதும் உங்களைப் போல வீட்டிலிருந்து தைக்கிற பெண்களிடம் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் நூல் அறுக்கிற மெஷின் ஒன்றிரண்டு இருக்கும்.