கேளுங்கள், சொல்கிறேன்

கே: நாம் நடந்தால் நிலாவும் கூடவே வருகிறதே, ஏன் என்று என் நாலு வயது மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

ப: நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் நூறு அடி நடந்தால் பக்கத்து மரமும் சுவரும் பின்னால் போய்விடும், ஆனால் அத்தனை தூரத்தில் இருக்கிற நிலாவை நாம் பார்க்கும் கோணம் மாறுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால்தான் கூட வருகிற மாதிரி தெரிகிறது. இதையெல்லாம் நாலு வயதிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. ஒரு நாள் நீங்கள் அவளோடு ஒரு பக்கம் நடங்கள், அவள் அப்பா எதிர்ப்பக்கம் நடக்கட்டும், அப்புறம் 'நிலா யாரோடு வந்தது?' என்று இரண்டு பேரும் சண்டை போடுங்கள். பாதி அவளுக்கே புரிந்துவிடும்.

கே: மனைவிக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, எனக்குக் கிடையாது. பிள்ளை குழம்பிவிடுவானா?

ப: மாட்டான். அம்மா கும்பிடும்போது அப்பா உதட்டைச் சுழிக்கிறாரே, அதைப் பார்த்துத்தான் குழம்புவான். அதை நிறுத்துங்கள், போதும்.

கே: செடிகளுக்கு நடுவே கட்டிய வலையை எத்தனை முறை கலைத்தாலும் சிலந்தி மறுபடி கட்டுகிறதே, ரோஷமா?

ப: ரோஷமெல்லாம் இல்லை, பசி! வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தாமே தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னுகின்றன. நூல் முழுக்கப் புரதம் அல்லவா, வீணாக்க மனசு வருமா? துடைப்பத்தோடு வரும் உங்களை அது எதிரியாகக்கூட நினைத்திருக்காது.