விமானத்தை வாங்கிவிடலாம், ஊர் கொண்டுவந்து சேர்ப்பது?
(வாசகர் கேள்வி – நிபுணர் பதில்)

ஓய்வுபெற்ற பயணிகள் விமானங்களின் உடற்கூட்டை ஓட்டலாக, தங்கும் விடுதியாக மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சில இங்கே.

நெடுஞ்சாலையோரம் இடம் இருக்கிறது. பழைய ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்றின் கூட்டை வாங்கி ஓட்டல் நடத்த ஆசை. ஸ்கிராப் வியாபாரி சொல்லும் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஏதாவது வில்லங்கம் உண்டா? (ஓசூர் வாசகர்)

வில்லங்கம் இல்லை. விலை போகக்கூடியதை எல்லாம் கழற்றி எடுத்த பிறகுதான் கூடு உங்களிடம் வருகிறது. என்ஜின், தரையிறங்கு சக்கரத் தொகுதி, வாலில் இருக்கும் துணை மின் என்ஜின், விமானி அறைக் கருவிகள் ஆகியவை ஆவணங்களோடு வேறு விமானங்களுக்குப் போய்விடும். மிஞ்சுவது அலுமினியத் தகடு. இங்கிலாந்தின் கெம்பிள் விமான நிலையம் 2020-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்றை 1 பவுண்டுக்கு வாங்கியது. அதை விழாக்கூடமாக மாற்ற ஆன செலவு சுமார் 13 லட்சம் பவுண்டு. இத்தனைக்கும் அந்த விமானம் தானே பறந்து வந்து அங்கே இறங்கியது; லாரி வாடகை மிச்சம்.

உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே கூட்டின் விலையைக் கேட்பதற்கு முன் வழியை அளந்து பாருங்கள். ஏ320 உடலின் அகலம் 3.95 மீட்டர், உயரம் 4.14 மீட்டர், நீளம் 37.57 மீட்டர். நம் சாலை விதிப்படி சாதாரண லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆக, இறக்கையை வெட்டி எடுத்தாலும் இது ஓ.டி.சி. (அளவுமீறிய) சரக்குதான், அதற்கான பெர்மிட்டும் முன்னால் போகும் எஸ்கார்ட் வண்டியும் வேண்டும்.

அகலத்தை விட உயரம்தான் ஆளைக் கவிழ்க்கும். லோ-பெட் (தாழ்ந்த தளமுள்ள) டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாங்கு கட்டைகள் இன்னும் கால் மீட்டர். மொத்தம் 5.4 மீட்டரை நெருங்கிவிடும். தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் விடும் இடைவெளி 5.5 மீட்டர். காகிதத்தில் நுழைந்துவிடும், சாலையில் நுழையாது. தார் மேல் தார் போட்டுப் போட்டு எத்தனையோ இடங்களில் சாலை உயர்ந்துவிட்டது; பலகையில் மட்டும் பழைய எண் அப்படியே நிற்கும். இன்னொன்று, பாலத்தடியில் சாலை பள்ளமாக இறங்கி ஏறும். நீண்ட டிரெய்லரின் முன்சக்கரமும் பின்சக்கரமும் இரு பக்க மேட்டில் நிற்கும்போது நடுப்பகுதி பள்ளத்தின் ஆழத்துக்கு இறங்காது. 20 மீட்டர் வண்டிக்கு இதிலேயே ஒரு சாண் போய்விடும். டேப்பை நிமிர்த்திப் பிடித்து அளப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

2019 டிசம்பரில் துர்காபூரில் ஒன்று, 2021-ல் டெல்லி விமான நிலையம் அருகே நடைமேம்பாலத்தடியில் ஒன்று, 2022 நவம்பரில் கொச்சியிலிருந்து ஹைதராபாத் ஓட்டல் ஒன்றுக்குப் போன கூடு ஆந்திராவின் மேதரமெட்லா அருகே சுரங்கப்பாதையில், 2023 டிசம்பரில் மும்பையிலிருந்து அசாம் போனது பீகாரின் மோதிஹாரியில் என்று பழைய விமானங்கள் வரிசையாகப் பாலத்தடியில் மாட்டிக்கொண்டு செய்தியாயின. மாட்டினால் முதல் வேலை டயரில் காற்றை இறக்குவது. அதில் கிடைப்பது சில அங்குலம்தான். வண்டியை முன்னுக்கு இழுக்காதீர்கள், பின்னுக்கே எடுங்கள். முன்னால் இழுத்தால் உச்சித் தகடு பாலத்தின் விளிம்பில் சுருண்டு கிழியும்.

வழி முழுக்க ஒரு மூங்கில் கொம்பை, அதன் நுனி சாலையிலிருந்து 5.6 மீட்டர் உயரத்தில் நிற்கும்படி ஜீப்பில் நிமிர்த்திக் கட்டி ஓட்டிப் பாருங்கள். கொம்பு எங்கே தட்டுகிறதோ அங்கே மாற்றுவழி தேட வேண்டும். மின்கம்பியின் உயரத்தையும் பார்க்க வேண்டும், ஆனால் கம்பி வரும் இடத்தில் இறங்கிக் கண்ணால் பாருங்கள், கொம்பால் தொடக்கூடாது.

நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையம் அருகே ஓட்டல் தோட்டத்துக்கு 2019 பிப்ரவரியில் போன கே.எல்.எம். 747-ஐ இறக்கையோடு முழுசாகவே நகர்த்தினார்கள். மொத்தத் தூரம் 12.5 கிலோமீட்டர். வயல் வழியே இரும்புத் தகடு பரப்பி, 17 வாய்க்கால்களைக் கடந்து, மோட்டார்வேயை மூடி, நாள்கணக்கில் ஊர்ந்து போனது. பாலத்தடியில் போவதை விட வயலே மேல் என்று முடிவெடுத்தது கெட்டிக்காரத்தனம்.

துண்டாக வெட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்றால் எங்கே வெட்டுவது? (அதே வாசகர்)

தொழிற்சாலையில் துண்டு துண்டாகச் செய்து, வளையம் வளையமாகச் சேர்த்ததுதான் அந்த உடல். அந்த மூட்டுகளில் ரிவெட் தலையைத் துளையிட்டுக் கழற்றினால் பிறகு அதே மூட்டில் பொருத்தலாம். நேரம் பிடிக்கும். அவசரத்தில் ரம்பம் வைப்பவர்கள் உடலின் இரண்டு வளையச் சட்டங்களுக்கு நடுவே வெட்டி, பிறகு உள்ளிருந்து பட்டைத் தகடு வைத்து இணைக்கிறார்கள். தரையில் நிற்கப்போகும் கூட்டுக்கு அதுவும் போதும். கேஸ் கட்டரும் கிரைண்டரும் வேண்டாம்: தகட்டுக்குப் பின்னால் காப்புப் போர்வையும் வயர் கட்டுகளும் இருக்கின்றன.

வெட்டுவதற்கு முன் மூன்று காரியம். வெட்டுக்கோட்டின் இருபுறமும் தனித்தனியே முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் உடல் தொய்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். வட்டம் முட்டையாகாமல் உள்ளே குறுக்கு மரம் அடியுங்கள், குறிப்பாகக் கதவுப் பக்கம். வெட்டுக்கோட்டின் குறுக்கே 30 சென்டிமீட்டருக்கு ஒரு அடையாளக் கோடு போட்டு எண் எழுதுங்கள். இந்த மூன்றாவதை விட்டவர்கள் மறுபடி சேர்க்கும்போது ஜன்னல் வரிசை ஏறி இறங்கி நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள்.

கோஸ்டாரிகாவின் மனுவல் அன்டோனியோவில் 1965-ல் தயாரான போயிங் 727 ஒன்று காட்டுக்குள் தூணின் மேல் விடுதியாக நிற்கிறது. அதை சான் ஹோசே விமான நிலையத்திலிருந்து ஐந்து லாரிகளில் துண்டுகளாகத்தான் ஏற்றிப் போனார்கள்.

உள்ளே ஆபத்தான பொருள் ஏதும் மிச்சம் இருக்குமா? (திருச்சி வாசகி)

இருக்கும். இருக்கையின் மேல்தட்டில் இருக்கும் ஆக்சிஜன் டப்பாக்களைத்தான் முதலில் கேளுங்கள். கயிற்றை இழுத்தால் உள்ளே ரசாயனம் எரிந்து ஆக்சிஜன் வரும். டப்பா கைவைக்க முடியாத சூடாகும். இப்படிக் கழற்றி ஏற்றிய டப்பாக்கள் பற்றி எரிந்துதான் 1996-ல் புளோரிடாவில் வேல்யூஜெட் விமானம் விழுந்து 110 பேர் இறந்தார்கள். காலாவதி ஆனாலும் அவை சும்மா இருக்காது.

அடுத்தது கதவுகளில் மடித்து வைத்த அவசரச் சறுக்குகள். உயர் அழுத்த வாயு சிலிண்டரோடு இருக்கும். தெரியாமல் கதவைத் திறந்தால் ஆளைத் தூக்கி எறியும். தீயணைப்புச் சிலிண்டர்களில் சின்ன வெடிமருந்துத் திரி உண்டு. ஹைட்ராலிக் திரவம் தோலையும் கண்ணையும் எரிக்கும். தகட்டின் மேல் மஞ்சள்-பச்சை நிறத்தில் தெரியும் பிரைமர் (அடிப்பூச்சு) குரோமேட் கலந்தது. அதைத் தேய்த்து வரும் தூசி புற்றுநோய் தரும். உலர்த்தேய்ப்பு வேண்டாம், தண்ணீர் தெளித்துத் தேய்த்து, அந்தத் தண்ணீரையும் பிடித்து வையுங்கள். துணி முகமூடி போதாது. பழைய 747, லாக்ஹீட் டிரைஸ்டார் விமானம் வாங்கினால் வால்பகுதி எதிரெடையில் யுரேனியம் இருந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். ஏ320-ல் அந்தத் தொல்லை இல்லை.

விமானத்துக்குள் மழை எப்படி ஒழுகும்? பறக்கும்போது காற்றே நுழையாதே! (சிதம்பரம் வாசகர்)

பறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் கதவையும் ஜன்னலையும் அதன் ரப்பரோடு இறுக்கிப் பிடிக்கிறது. தரையில் நிற்கும் கூட்டில் அந்த அழுத்தம் கிடையாது. வெயிலில் ரப்பர் காய்ந்து சுருங்கியதும் நீர் கசியும். வெட்டிச் சேர்த்த மூட்டு, இறக்கை இருந்த இடம், ஆன்டெனா கழற்றிய ஓட்டை, இவை மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

உள்ளே வந்த நீர் வெளியேற வயிற்றுப் பக்கத்தில் சின்ன வடிகால் வால்வுகள் உண்டு. அழுத்தம் ஏறினால் மூடும், இறங்கினால் தானே திறக்கும். வெளியே அழகாகப் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்தக்காரர் அதன் வாயையும் சேர்த்து அடைத்துவிடுவார். பிறகு கண்ணாடியிழைப் போர்வை தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும், தரைக்குக் கீழே தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். வால்வுகளை எண்ணிக் குறித்து, மழைக்காலத்துக்கு முன் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். நனைந்த போர்வையைக் காயவைத்து மறுபடி மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

அடைப்புக்குப் பாலிசல்பைடு சீலன்ட் நல்லது. கடையில் கிடைக்கும் புளிக்காடி வாசனை வரும் சிலிகான் அலுமினியத்தை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். ஈர கான்கிரீட்டும் அலுமினியத்தைத் தின்னும். தாங்கு பீடத்துக்கும் தகட்டுக்கும் நடுவே தடித்த ரப்பர் வேண்டும், இரும்பு போல்ட்டுக்கு நைலான் வாஷர் வேண்டும். பீடம் சட்டம் இருக்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும். வெறும் தகட்டில் நின்றால் ஒரே வருடத்தில் குழி விழும். அதிக பாரத்தை இறக்கை சேரும் நடுப்பெட்டியில் கொடுங்கள், உடலிலேயே வலுவான இடம் அது.

வெப்பத்துக்கு உள்ளே ஃபோம் அடிப்பவர்கள் உண்டு. நாங்கள் வேண்டாம் என்போம். ஃபோமுக்குப் பின்னால் அரிப்பு வந்தால் கண்ணுக்கே தெரியாது. கூட்டின் மேல் ஒரு முழம் இடைவெளி விட்டுத் தனியாகக் கூரை போடுவது மலிவு. விமானம் தெரியாமல் போகுமே என்பீர்கள். பக்கவாட்டில் தெரிந்தால் போதும்.

சமையலறையையும் உள்ளேயே வைக்கலாமா? (ஓசூர் வாசகரின் மூன்றாவது கேள்வி)

வேண்டாம். வெளியே தனிக்கட்டடம். கேஸ் சிலிண்டரை உலோகக் குழாய்க்குள் வைப்பது தற்கொலை. விமானத்தின் மின்சாரம் 115 வோல்ட், 400 சுழற்சி. பழைய வயரும் விளக்கும் நம் 230 வோல்ட்டுக்கு ஆகாது, முழுவதும் புதிதாக இழுங்கள். உடல் முழுவதையும் எர்த் செய்து 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போடுங்கள். இறக்கை இல்லாமல் போனால் இறக்கை மேல் இருக்கும் அவசர வழி அந்தரத்தில் முடியும். அங்கே படிக்கட்டு கட்டியாக வேண்டும்.

கடலில் இறக்கி முத்துக்குளிப்போர் போல டைவிங் செய்பவர்களுக்குக் காட்டலாமே? (புதுச்சேரி வாசகர்)

துருக்கியின் குஷாதசியில் 2016-ல் ஏ300, சாரோஸ் வளைகுடாவில் 2019-ல் ஏ330, அதே ஆண்டு பஹ்ரைனில் 747, ஜோர்டானின் அகபாவில் டிரைஸ்டார் இறக்கப்பட்டன. எண்ணெய், வயர், காப்புப் போர்வை எல்லாம் உரித்தபிறகே இறக்க வேண்டும். உச்சியில் காற்று தங்காதபடி துளையிடாவிட்டால் ஒரு முனை தூக்கிக்கொண்டு மூழ்கும். கூடு லேசானது என்பதால் புயல் சும்மா விடாது. மியாமி அருகே 1993-ல் இறக்கிய 727-ஐ மறு ஆண்டே கோர்டன் புயல் இரண்டாக உடைத்தது.

முழு விமானம் வேண்டாம். வீட்டில் வைக்க ஒரு பொருள் போதும். எதை வாங்கலாம்? (மதுரை வாசகி)

உணவு தள்ளிவரும் டிராலி. பரவலான அளவில் உயரம் 103, அகலம் 30, ஆழம் 81 சென்டிமீட்டர். சமையல் மேடைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துவிடும். வாங்கும்போது பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள், சிவப்பை மிதித்தால் சக்கரம் பிடிக்க வேண்டும், பச்சையை மிதித்தால் விட வேண்டும். மூவர் இருக்கையை எடுத்தால் அதன் கால்கள் விமானத் தரைத் தண்டவாளத்தில் பூட்டுவதற்காகச் செய்தவை என்பதை மறக்காதீர்கள். தனி இரும்புச் சட்டம் அடித்து அதில் பூட்டாமல் உட்கார்ந்தால் பின்பக்கம் சாய்ந்துவிடும்.