வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு இருந்தும் தேர்தலில் பணம் ஏன் அடங்குவதில்லை? முதலில் எதைத் திருத்த வேண்டும்?

2021 சட்டமன்றத் தேர்தலில் தஞ்சைப் பக்கம் ஒரு வேட்பாளருக்குச் செலவுக் கணக்கு எழுதியவன் நான். கட்சியும் பெயரும் வேண்டாம். அப்போது உச்சவரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம் (2022இல் 40 லட்சமாகிவிட்டது). நாங்கள் காட்டிய கணக்கு அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

கணக்கு நோட்டில் மூன்று நிறத் தாள். வெள்ளையில் அன்றாடச் செலவு, ரோஸில் ரொக்கம், மஞ்சளில் வங்கிக் கணக்கு. பிரசாரம் முடிவதற்குள் மூன்று முறையாவது தேர்தல் ஆணையம் அனுப்பிய செலவுப் பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்களிடம் நிழல் பதிவேடு என்று ஒன்று தனியாக இருக்கும். வீடியோ எடுக்கிறவர்கள் கூட்டத்தில் எண்ணியது அதில் ஏறியிருக்கும். நான் 300 நாற்காலி என்று எழுதினேன், அவர்கள் 450 என்றார்கள். வாடகையும் நாம் சொல்வது செல்லாது. டீ, நாற்காலி, சால்வை வரைக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போட்டிருக்கிறது. அந்த 150 நாற்காலிக்காக ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். அன்றைக்கு ராத்திரியே எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கவர் வந்தது. அதை எந்த நிறத் தாளில் எழுதுவது?

மாட்டுகிறவர்கள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சித்தப்பா உளுந்து விற்ற 82,000 ரூபாயோடு வண்டியில் வந்தார். தேர்தல் நேரத்தில் 50,000க்கு மேல் ரொக்கம் இருந்தால் ஆதாரம் காட்ட வேண்டும். அவரிடம் இருந்தது வியாபாரி கிறுக்கிக் கொடுத்த துண்டுச்சீட்டு. பறிமுதலான பணம் திரும்பி வர பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் உளுந்து பிடுங்கிய ஆட்களுக்குக் கூலி கொடுக்க வட்டிக்கு வாங்கிவிட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பெரிய ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது. வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்குக் கிடையாது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் கட்சி செலவறிக்கை கொடுத்தால் போதும், எத்தனை கோடி என்று கேட்க ஆளில்லை. நட்சத்திரப் பேச்சாளர் (கட்சி பட்டியல் கொடுத்து அனுப்பும் பெரிய தலைவர்) வந்துபோகும் செலவும் வேட்பாளர் கணக்கில் வராது. ஆனால் வேட்பாளர் அவரோடு மேடையேறினால் அந்தக் கூட்டச் செலவில் ஒரு பங்கு வேட்பாளர் தலையில் விழும். அதனால் எங்கள் ஆள் மேடைக்குக் கீழே நின்றே தலைவரைக் கும்பிட்டார்!

தஞ்சாவூரில் 2016 மே மாதம் நடக்கவேண்டிய தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாக ஆணையம் ரத்து செய்தது, கூடவே அரவக்குறிச்சியையும். நவம்பர் 19 அன்று மறுபடி நடத்தினார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் மே மாதம் நிறுத்திய ஆட்களையே திரும்ப நிறுத்தின. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்ற பிரிவு இருக்கிறது. பணத்துக்கும் அதுபோல 58பி வேண்டும் என்று ஆணையம் கேட்டது, மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. தேர்தலை நடத்தும் பொறுப்பை ஆணையத்துக்குத் தரும் அரசியலமைப்பின் 324ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் ஆணையம் இப்படி ரத்து செய்துவருகிறது.

என்னைக் கேட்டால் முதலில் கட்சிச் செலவுக்கு வரம்பு, அப்புறம் அந்த 58பி. அதோடு, பட்டுவாடாவால் தேர்தல் ரத்தானால், பணம் கொடுத்தது நிரூபணமான வேட்பாளர் மறுதேர்தலில் நிற்கக் கூடாது. இது மூன்றும் வராமல் 40 லட்சத்தை 80 லட்சம் ஆக்கினாலும், எங்கள் தெருவுக்கு வந்த கவர் வந்துகொண்டேதான் இருக்கும்.