திரும்ப ஏறிய பதினைந்து கிலோ

அன்புள்ள அக்கா,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வயது 41, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்தேன். 118 கிலோவாக இருந்தவள் ஒன்றரை வருடத்தில் 74க்கு வந்தேன். (அதற்கு முன் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு குளிசைதான்.) இப்போது திரும்ப 89. நான் அள்ளிச் சாப்பிடுவதில்லை. ஒரு பிடி சோற்றுக்கு மேல் இறங்காது. பிறகு எப்படி ஏறுகிறது? "அவ்வளவு காசையும் கடலிலே கொட்டினது மாதிரி" என்கிறா மாமி. ஆவணியில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம், போன வருடம் தைத்த பிளவுஸ் பூட்டுப்படவில்லை. கிளினிக்குக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. டொக்டரின் முகத்தில் எப்படி முழிப்பது? இன்னொரு தரம் வெட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற அக்கா மெலிகிற ஊசி கொண்டுவருகிறேன் என்கிறா. உங்களுக்கும் இதே சத்திரசிகிச்சை நடந்தது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யட்டும்?

ச., கொழும்பு 13

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருந்த வரியில்தான் கண் நின்றது. ஒவ்வொரு நாளும் இன்சுலின் குத்திக்கொண்டிருந்தவர் ஒரு குளிசைக்கு வந்திருக்கிறீர்கள், அதை ஏன் அடைப்புக்குள் ஒளித்து வைத்தீர்கள்? 118இல் இருந்து 89 என்றால் 29 கிலோ. முந்தைய உடம்பில் ஏறக்குறைய கால்வாசி இன்னும் திரும்பி வரவில்லை. கடலில் போய்விட்டதாக மாமி சொல்கிற காசு அங்கேதான் இருக்கிறது.

சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று, சத்திரசிகிச்சை செய்த 2,010 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தது. இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கிற பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 வீத நிறையை இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 வீதமாகிவிட்டது. நமக்குச் செய்த ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் அடிமட்டத்துக்குப் போய்ப் பிறகு கொஞ்சம் ஏறுகிற போக்கு எல்லா வகைக்கும் பொது. அப்படி ஏறின பிறகும், சத்திரசிகிச்சை செய்யாமல் அதே பருமனோடு இருந்தவர்களைவிட அவர்களில் இறந்தவர்கள் குறைவு. இதை முதலே யாராவது என்னிடம் விளக்கிச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவு அழாமல் படுத்திருப்பேன்.

சரி, எப்படி ஏறுகிறது? ஸ்லீவில் இரைப்பையில் ஏறக்குறைய 80 வீதத்தை எடுத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகமாகச் சுரப்பது அந்த எடுக்கிற பகுதியில்தான். அதனால்தான் முதல் வருடம் பசியே மறந்துபோயிருந்தது. ஆனால் உடம்புக்குச் சத்திரசிகிச்சை என்றால் என்னவென்று தெரியாது, ஊரில் பஞ்சம் என்றுதான் அது நினைக்கும். இழந்ததைத் திரும்பச் சேர்க்கப் பார்க்கும், செலவழிக்கிற சக்தியைச் சுருக்கிக்கொள்ளும், பசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரும். மிஞ்சிய பையும் காலப்போக்கில் இளகும். இவ்வளவும் உங்களைக் கேட்காமலே நடக்கிற வேலை.

ஒரு பிடி சோற்றுக்கு மேல் இறங்காது என்பதை அப்படியே நம்புகிறேன். எனக்கும் இறங்காது. ஆனால் ஸ்டாஃப் ரூமில் இடைவேளைக்கு வருகிற தேத்தண்ணியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாரி பிஸ்கட்டை அதில் தோய்த்தால் நாக்கில் வைக்கும்போதே கூழாகிவிடும். பையில் தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆறு பிஸ்கட் போன பிறகும் வயிறு "போதும்" என்று சொல்லாது. ஒரு துண்டு மீன் பொரியலுக்கு உடனே சொல்லும். கடையில் போய் இருந்ததும் மேசைக்கு வருகிற ரோல்ஸ், பற்றிஸ் தட்டும் இப்படித்தான்: ஒன்றை எடுத்துக் கதைத்துக் கதைத்து ஒரு மணித்தியாலம் கொறித்தால் எவ்வளவு சின்னப் பை என்றாலும் இடம் கொடுக்கும்.

எனக்கு ஏறியது 2022இல். அந்த வருடம் பொருளாதார நெருக்கடியில் கொழும்பு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மீனும் முட்டையும் வாங்க முடியாத விலை. வெள்ளவத்தையில் விடிய நாலு மணிக்கு காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பேன். ஒரு போத்தலில் சீனி போட்ட பிளேன்டீ, ஒரு பையில் சீனிப் பணிஸ். பணிஸைப் பிய்த்து அந்தத் தேத்தண்ணியோடு விழுங்குவேன், இரவும் பாண்தான். விற்றமின் குளிசை பாமசிகளில் கிடைக்காமல் போனது, கிடைக்கத் தொடங்கின பிறகும் நான் வாங்கவில்லை. வருட முடிவில் ஏழு கிலோ கூடியிருந்தது.

அப்புறம் ஒருநாள் கிளினிக்குக்குப் போனேன். நிறை பார்த்தவர் என் கிளினிக் காட்டைப் புரட்டி, முந்தைய இலக்கத்தையும் அன்றைய இலக்கத்தையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசித்தார். வாங்கில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டரைப் பார்க்காமலே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பதினாலு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குள் இன்னும் ஆறு கிலோ ஏறியது. அதைவிடப் பயம் வந்தது விரல் நுனிகள் விறைக்கத் தொடங்கினபோதுதான். பி12 விற்றமின் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் நரம்புக்கு வருகிற சேதம் நிரந்தரமாகிவிடலாம். திரும்பப் போனபோது சேர்ஜன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "முதல் மூன்று கிலோ ஏறினபோதே வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். வாசித்தவரின் குரலுக்குப் பயந்து என் நரம்புகளைப் பணயம் வைத்திருக்கிறேன். தங்கச்சி, நீங்கள் அதைச் செய்யக் கூடாது.

போனால் என்ன கேட்பது? இரும்பு, பி12, விற்றமின் டி, தைரொயிட், மூன்று மாதச் சீனி அளவு எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். வேறு வருத்தத்துக்குக் குடிக்கிற மருந்துகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டெரொயிட், மனச்சோர்வுக்கான சில குளிசைகள் நிறையை ஏற்றும். பை அளவுக்கு மீறி இளகியிருக்கிறதா, நெஞ்செரிவு இருக்கிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். இரண்டாவது சத்திரசிகிச்சை பற்றி இதெல்லாம் முடிந்த பிறகு யோசிக்கலாம். சிலருக்கு அது தேவைதான், ஆனால் முதலாவதைவிட ஆபத்துக் கூடினது.

அக்காவின் ஊசி விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவ சொல்கிற மெலிகிற ஊசி செமாகுளூடைட் என்றால், அது நல்ல மருந்து, சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏறின நிறைக்கும் டொக்டர்மார் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் குளிரில் வைக்க வேண்டிய மருந்து சூட்கேஸில் எப்படி வந்து சேரும்? நீங்கள் குடிக்கிற சீனிக் குளிசையோடு அது ஒத்துப்போகுமா, குடும்பத்தில் ஒரு வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நிறுத்தினால் திரும்ப ஏறும். ஓர் ஆய்வில் ஒரு வருடத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. டொக்டர் எழுதித் தந்தால் போடுங்கள், இல்லையென்றால் அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் எனக்கு உதவியது ஒரே ஒரு ஒழுங்கு. தட்டில் முதலில் மீன், முட்டை, பருப்பு. பிறகு மரக்கறி. இடம் மிஞ்சினால் சோறு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று சொல்லித் தந்திருப்பார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், நூறு கிராம் மீனில் இருபது வரும். மீன் விலை கூடின நாளில் நெத்தலிக் கருவாடும் பருப்பும் கைகொடுக்கும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் அரை மணித்தியாலம் பொறுங்கள். தேத்தண்ணியை விட வேண்டாம், சீனியை விடுங்கள்.

கலியாணத்துக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். கொழுப்போடு தசையும் போய்விடும். பிளவுஸை இரண்டு பக்கமும் பிரித்து விடச் சொல்லித் தையல்காரரிடம் கொடுங்கள், அரை நாள் வேலை. மாமி அடுத்த முறை காசுக் கதை எடுத்தால் இன்சுலின் விலையை நினைவுபடுத்துங்கள். மரியாதையாகவே சொல்லலாம்: "மாமி, நாலு வருஷமா நான் ஊசி வாங்கேல்லை."

கிளினிக் காட் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி எடுத்துக் கைப்பையில் வையுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எந்த நாள் என்று எனக்கு எழுதுங்கள். நான் வந்து அந்த வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா